மொக்கையனின் கடைசிப் பதிவு

மடியில் இருந்த கூடையைக் கீழே வைக்கச் சொல்லி கிளமெண்ட் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். நாகஜோதி வைக்கவில்லை. சாதாரண ஒயர்க்கூடைதான். மேலே ஒரு காக்கிச் சட்டை சுருட்டி வைத்திருந்தது. சட்டைக்கு அடியிலிருந்து மரப்பிடி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அது என்ன பிடி என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளையெல்லாம் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அருவாப்பிடி தெரியும்.

"எனக்குக் கேசு ஜெயிக்க வேணாம் மேடம்," என்றாள் நாகஜோதி. "செஞ்சது சுருளிதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

தாமரைச்செல்வி தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள். சென்னையில் பல வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் குப்பை கொட்டிவிட்டு, பசுமலையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருப்பவள். கோபமே வராது. கிளமெண்ட் நேர் எதிர். மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் காலமெல்லாம் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டார். எந்தக் கேஸ் வந்தாலும் முதல் பத்து நிமிஷத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். என்ன, பெரும்பாலும் அது வேறு ஆளாக இருக்கும்.

"முதல்ல இருந்து சொல்லும்மா," என்றாள் தாமரைச்செல்வி.

நாகஜோதி சொன்னாள். அவளுடைய அப்பா மொக்கையன் கீழக்குயில்குடிக்காரர். முத்துமீனா பஸ் சர்வீஸில் டிரைவர். போன வாரம் காலை டிரிப்பில் அவர் ஓட்டிய ஏழாம் நம்பர் வண்டிக்கு நாகமலைப் பக்கம் பிரேக் பிடிக்கவில்லை. மொபட்டில் போன ஒருவர் மேல் ஏறிவிட்டது. அந்த மனிதருக்குக் கால் போய்விட்டது. கூடிய கூட்டம் மொக்கையனை அடித்த அடியில் அவரும் மயங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால் குடித்திருந்தாரா என்று அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் கம்பெனி போலீசிடம் ஒரு பதிவைக் கொடுத்தது. வண்டி எடுப்பதற்கு முன்னால் டிரைவர்கள் ஊதும் மெஷினில், அன்று காலை மொக்கையன் ஊதிய அளவு நூற்று நாற்பது என்று அதில் இருந்தது. முப்பதைத் தாண்டினாலே குற்றம்.

"எங்கப்பா வாழ்நாள்ல ஒரு சொட்டுத் தொட்டதில்ல மேடம். எங்க பெரியப்பா குடிச்சுத்தான் செத்தாரு. அதனால குடிகாரன் பக்கத்துல கூட உக்கார மாட்டாரு. தலையில கட்டோட ஷெட்டுக்குப் போனவரை, கேட்டு வாசல்ல அம்புட்டுப் பேரு முன்னாடி நிக்க வச்சு, குடிகாரனுக்கு எதுக்குடா காக்கின்னு மேனேஜரு சட்டையப் பிடிச்சு இழுத்துக் கழட்டியிருக்காரு. பொத்தான் தெறிச்சிருச்சு. சட்டையக் கையில சுருட்டிக்கிட்டு வெறும் பனியனோட பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாரு எங்கப்பா. அன்னையிலிருந்து செவுத்தப் பாத்துப் படுத்துக் கிடக்காரு. சோறு இறங்கல. அந்த மனுசன் போயிட்டா அப்புறம் எனக்கு எதுக்குக் கேசு?"

"சுருளி எப்படி உள்ள வாரான்?" என்று கிளமெண்ட் முன்னால் நகர்ந்து கேட்டார்.

"அந்த ஆளு டைம் கீப்பர். ஊத வச்சுப் பதியிறது அவருதான். மகனுக்கு என்னைய பொண்ணு கேட்டு வந்தாரு. எங்கப்பா தர மாட்டேன்னுட்டாரு. அந்தக் காந்தலு. அந்தப் பதிவுல பேரும் அவரு பேருதான் இருக்கு, பாருங்க."

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஸ்டேஷனில் எடுத்த படம். ஒரே ஒரு வரி உள்ள காகிதத் துண்டு. மொக்கையன், விபத்து நடந்த அன்றைய தேதி, காலை நேரம், வண்டி ஒன்பது, அளவு நூற்று நாற்பது, ஊத வைத்தவர் சுருளி.

"மேடம், சுருளியேதான்," என்று கிளமெண்ட் எழுந்தே விட்டார்.

தாமரைச்செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அன்னைக்கு ஊத வச்சது சுருளிதான்னு அப்பா சொன்னாரா?"

"இல்ல. ஆரோக்கியம் அண்ணேதான் ஊத வச்சாருன்னு சொல்றாரு. அவருக்கு எம்புட்டுக்கு ஞாபகம் இருக்கோ. அடிச்ச அடி அப்படி."

"விபத்தான வண்டி ஏழு. இதுல ஒன்பதுன்னு இருக்கு."

"பொய் எழுதுற அவசரத்துல தப்பா எழுதியிருப்பான்," என்றார் கிளமெண்ட்.

"பொய் எழுதுறவன் மத்ததையெல்லாம் சரியா எழுதுவான் அண்ணே. இந்தக் காகிதத்தோட ஓரத்தைப் பாருங்க. கத்திரிக்கோல் வச்சு வெட்டியிருக்கு. மேலயும் கீழயும் இருந்த வரியெல்லாம் எங்க போச்சு?" நாகஜோதியிடம் திரும்பினாள். "பொழுது சாயிற வரைக்கும் எனக்குக் குடு. அது வரைக்கும் கூடையை விட்டுக் கையை எடுக்காத. கையை உள்ளயும் விடாத."

நாகஜோதி கூடையை இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டாள். "பொழுது சாயிற வரைக்கும்," என்றாள்.

கிளமெண்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார். தப்பான பெயரைச் சொன்னால் இன்று ஒரு மனிதன் வெட்டுப்படுவான். சரியான பெயரைச் சொன்னாலும்தான்.

மாட்டுத்தாவணிக்குப் பின்னால் இருந்த முத்துமீனா ஷெட்டுக்கு கிளமெண்ட் தனியாகப் போனார். தாமரைச்செல்வி பஸ் கம்பெனி முதலாளியம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். ஆரோக்கியமும் கிளமெண்டும் ஒரே கோயிலில் பூசை காண்பவர்கள் என்பதால் ஆரோக்கியத்தை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு வருவதில் சிரமம் இருக்கவில்லை.

"நான்தான் அண்ணே ஊத வச்சேன்," என்றார் ஆரோக்கியம் குரலை இறக்கி. "என் கண்ணால பாத்தேன், ஜீரோ. மேனேஜர் கண்ணுச்சாமி சார்கிட்டயும் சொன்னேன். கம்ப்யூட்டர்ல சுருளி பேரு இருக்கு, நீ கம்ப்யூட்டரை விடப் பெரிய ஆளான்னு கேட்டாரு. புள்ளகுட்டிக்காரன். வாயை மூடிக்கிட்டேன்."

"அப்ப சுருளி அன்னைக்கு எங்க?"

"உசிலம்பட்டியில. அவரு தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து."

கிளமெண்டின் முகம் தொங்கிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். ஊரே கூடி நின்று போட்டோ எடுத்திருக்கும். அந்தக் காலையில் சுருளி ஷெட்டில் இருந்திருக்க வழியே இல்லை. காலையில் பிடித்து வைத்த குற்றவாளி மத்தியானத்துக்குள் கை நழுவிப் போனது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி, அந்த ஒன்பதாம் நம்பர் வண்டியக் காட்டுங்க."

"அது எங்க இங்க இருக்கு? பாடி கட்டக் கரூருக்குப் போயி மாசக்கணக்காச்சே."

திரும்பும்போது டைம் கீப்பர் அறைச் சுவரில் மாட்டியிருந்த படத்தை கிளமெண்ட் நின்று பார்த்தார். ஊதும் மெஷினுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மெஷினை வாயருகே பிடித்து ஊதிக்கொண்டிருந்தவர் மேனேஜர். அவர் கையில் ஒரு நீலப் பாட்டில், கொரோனா காலத்தில் கைக்குத் தேய்த்த சானிடைசர். அவருக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு மொக்கையன் சிரித்தபடி நின்றார்.

"மெஷின் வந்த அன்னைக்குப் பூசை போட்டோம்," என்றார் ஆரோக்கியம். "ராசியா இருக்கட்டும், குடிக்காத ரெண்டு பேரு முதல்ல ஊதுங்கன்னு முதலாளியம்மா சொன்னாங்க. மேனேஜரும் மொக்கையன் அண்ணனும் ஊதுனாக. அன்னையிலிருந்து மேனேஜர் உட்பட ஷெட்டுல எல்லாருமே தினம் ஊதணும்னு சட்டம்."

கிளமெண்ட் எல்லாவற்றையும் போனில் ஒப்பித்தார்.

"ஊர்ல இல்லாத டைம் கீப்பர், ஊர்ல இல்லாத வண்டியில ஊத வச்சிருக்காரு," என்றாள் தாமரைச்செல்வி. "நல்லது அண்ணே. நாகஜோதியையும் அவ அப்பாவையும் கூட்டிட்டு ஷெட்டுக்கு வாங்க. முதலாளியம்மா எல்லாரையும் வரச் சொல்லிட்டாங்க."

"யாரு மேடம்? யாரு செஞ்சது?"

"செஞ்சது ஒருத்தன். தெரிஞ்சே அதைக் கையில எடுத்தவன் இன்னொருத்தன். வாங்க."

கீழக்குயில்குடியில் மொக்கையன் வர மறுத்தார். பனியனோடு போன இடத்துக்கு மறுபடி எந்த மூஞ்சியோடு போவது என்று கேட்டார். நாகஜோதி அவர் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள். கூடை அப்போதும் அவள் தோளில் தொங்கியது. வழியெல்லாம் கிளமெண்ட் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெயில் சாய்ந்திருந்தது. ஷெட் ஆபீசில் முதலாளியம்மா நாற்காலியில் இருந்தார். கண்ணுச்சாமி அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர் முன்னால் ராம்கி, கம்பெனியின் கணக்கையும் டிக்கெட் மெஷினையும் பார்த்துக்கொள்ளும் பையன். சுவரோரம் சுருளியும் ஆரோக்கியமும். வாசலில் டிரைவர்களும் கண்டக்டர்களும் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். நாகஜோதி சுருளிக்கு எதிரே போய் நின்றாள். அவர் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"மேனேஜர் சார்," என்றாள் தாமரைச்செல்வி, "போலீசுக்குக் கொடுத்த பதிவு சரிதானா?"

"கம்ப்யூட்டருக்கு மொக்கையன் மேல என்ன கோவம்? ஊதுற ஒவ்வொருத்தருக்கும் கடைசிப் பதிவை எடுன்னு ராம்கிகிட்டச் சொன்னேன். எடுத்தான். அதுல என்ன வந்துச்சோ அதைக் கொடுத்தேன். வந்தது வந்ததுதான். வீட்டுக்கு வீடு நியாயம் பேச முடியாது."

"அந்த வரியில யாரு பேரு வந்தாலும் அதுதான் உண்மை?"

"யாரு பேரு வந்தாலும்."

"ராம்கி தம்பி, அன்னைக்கு எப்படிக் கேட்டியோ அப்படியே இன்னைக்கும் கேளு. ஒரு எழுத்தும் மாத்தாத. முழுசா பிரிண்ட் எடு."

பிரிண்டர் ஒரு பக்கத்தைத் துப்பியது. தாமரைச்செல்வி அதை எடுத்து கிளமெண்டிடம் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசித்த குரலில் கிளமெண்ட் வாசிக்கத் தொடங்கினார். முதல் டிரைவர், இன்று காலை, வண்டி ஒன்பது, ஊத வைத்தவர் சுருளி. அடுத்தவர், இன்று காலை, வண்டி ஒன்பது, சுருளி. அதற்கடுத்தவரும் அப்படியே. வாசலில் சிரிப்பு கிளம்பியது.

"என்னடா இது, ஊருல பாதிப் பேரு கரூர் வண்டியவா ஓட்டுறோம்?" என்றது ஒரு குரல்.

"இன்னைக்குக் காலையில டூட்டி நான்," என்றார் ஆரோக்கியம். "சுருளி மத்தியானம்தான் வந்தாரு."

"இன்னொரு வரி இருக்கு," என்ற கிளமெண்ட் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அவர் குரலில் ருசி ஏறியது. "கண்ணுச்சாமி, மேனேஜர். இன்று காலை. அளவு இருநூறு. ஊத வைத்தவர் சுருளி."

முதலாளியம்மா மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"குடிச்சிட்டா வந்திருக்கீங்க?" என்றார்.

"ஐயோ அம்மா, அது இன்னைக்கு ஊதினது இல்ல. அது மெஷின் பூசை அன்னைக்கு. மெஷின் வேலை செய்யுதான்னு பாக்க, கையில சானிடைசர ஊத்தி, அதுல ஆல்கஹால் இருக்குல்ல, வாய்கிட்ட வச்சு ஊதினோம். நானும் மொக்கையனும்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். ஆனால் நிறுத்திய இடம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

"நீங்களும் மொக்கையனும்," என்றாள் தாமரைச்செல்வி. "அப்ப அவரோட நூத்தி நாப்பது எங்கிருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்."

கண்ணுச்சாமி ராம்கியைக் கை காட்டினார்.

"ராம்கி பொய் எழுதல அம்மா," என்று அவள் முதலாளியம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "கேட்ட விதம் தப்பு. ஒரு டிரைவருக்கு நூறு பதிவு இருக்கும். அதுல கடைசி வரி எதுன்னு கண்டுபிடிச்சு, அந்த வரியைக் கிழிக்காம முழுசா எடுக்கணும். இந்தத் தம்பி, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் பெருசு எதுவோ அதைக் குடுன்னு கேட்டுட்டான். தேதியில பெருசு கடைசி நாள். அது சரியா வந்துடுச்சு. அதைப் பாத்து மத்ததும் அன்னைக்கு உள்ளதுதான்னு நம்பிட்டான். ஆனா வண்டியில பெருசு ஒன்பது, அது என்னைக்கோ ஓட்டினது. பேருல அகர வரிசைப்படி பின்னால வர்றதுதான் கம்ப்யூட்டருக்குப் பெருசு, ஆரோக்கியத்துக்கு அப்புறம் வர்றவர் சுருளி, அதனால எல்லாருக்கும் சுருளி. அளவுல பெருசு பூசை அன்னைக்கு ஊதினது. நாலு நாளோட துண்டை ஒரே வரியில ஒட்டிக் கொடுத்துருச்சு கம்ப்யூட்டர். அப்படி ஒரு பதிவே கிடையாது."

"கல்யாணத் தரகர் வேலை," என்றார் கிளமெண்ட், தாங்க மாட்டாமல். "மூக்கு முழி ஒருத்தனுது, உத்தியோகம் இன்னொருத்தனுது, வீடு மூணாவது ஆளுது. அம்புட்டையும் சேத்து ஒரு மாப்பிள்ளை. கல்யாணத்தன்னைக்குப் பாத்தா அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல."

ராம்கி தலையைக் குனிந்துகொண்டான். "அவசரமா கேட்டாரு மேடம். சரி பாக்கல. ஆனா முழுப் பக்கத்தையும்தான் அவருகிட்டக் குடுத்தேன்."

"அதுதான் விஷயம். முழுப் பக்கத்தையும் ஸ்டேஷன்ல கொடுத்திருந்தா ஏட்டய்யாவே சிரிச்சிருப்பாரு. அதுல மேனேஜர் வரியும் இருந்திருக்கும். அதனாலதான் கத்திரிக்கோல் வந்துச்சு. தம்பி, நகரு."

தாமரைச்செல்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டிரைவர் வாரியாகப் பதிவுகளைப் பிரித்து, ஒவ்வொருவர் பதிவையும் புதியது மேலே வரும்படி அடுக்கி, மேலே இருந்த ஒரே வரியை அப்படியே உருவினாள். திரையை எல்லாருக்கும் தெரியத் திருப்பி வைத்தாள். மொக்கையன். விபத்து நாள் காலை. வண்டி ஏழு. ஊத வைத்தவர் ஆரோக்கியம். அளவு பூஜ்யம்.

மொக்கையன் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன்டா கண்ணுச்சாமி?" என்று திரும்பிக் கேட்டார். "நான் உனக்கு என்னடா செஞ்சேன்?"

பதில் வாசலிலிருந்து வந்தது. "முதல் நாள் சாயங்காலம் பிரேக் பிடிக்கலன்னு நீங்க சத்தம் போட்டீகளே அண்ணே. இந்த வண்டியில உன் பிள்ளைய ஏத்தி அனுப்புவியாடான்னு எங்க எல்லாரு முன்னாடியும் கேட்டீகளே."

"கேட்டாரு," என்றார் கண்ணுச்சாமி. இப்போது அவர் முகத்தில் பயத்தை மீறி வெறுப்பு தெரிந்தது. "அது வரைக்கும் என்னையக் கும்பிட்டவன் எல்லாம் அன்னைக்கு என்னையப் பாத்துச் சிரிச்சான். பேப்பர்ல அந்த நூத்தி நாப்பதப் பாத்ததும் எனக்குச் சாமியே கையில கொண்டாந்து குடுத்த மாதிரி இருந்துச்சு. பிரேக்குக்கும் பதில் ஆச்சு, அவனுக்கும் பதில் ஆச்சு."

முதலாளியம்மா போனை எடுத்து ஸ்டேஷனை அழைத்தார்.

நாகஜோதி இன்னும் சுருளிக்கு எதிரேயேதான் நின்றாள்.

"நீங்க ஏன் மாமா வாயத் தொறக்கல?"

"என் பேருல பதியிற பாஸ்வேர்ட வெளிய குடுத்துட்டு லீவுல போனேன்னு என் மேலயும் கேசு போடுவேன்னு மேனேஜரு மிரட்டுனாரு தாயி," என்றார் சுருளி. "பயந்துட்டேன். பொண்ணு தரலங்கிற கோவம் இருந்துச்சு, இல்லேங்கல. அதுக்காக உங்கப்பன் மேல பொய் சொல்ல மாட்டேன்."

"இந்தக் கூடையில இருந்தது உங்களுக்குத்தான்," என்றாள் அவள். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அருவாளை உருவி கிளமெண்டிடம் நீட்டினாள். சுருளி சுவரோடு ஒட்டிக்கொண்டார். கிளமெண்ட் அதை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் பிரிண்டருக்குப் பின்னால் வைத்தார்.

நாகஜோதி மேனேஜரிடம் போனாள். "போலீஸ் வரட்டும். அதுக்கு முன்னாடி கேட்டுக்கு வாங்க. எந்த இடத்துல கழட்டினீகளோ அந்த இடத்துல, எந்தக் கையால கழட்டினீகளோ அந்தக் கையால போட்டு விடணும்."

கண்ணுச்சாமி முதலாளியம்மாவைப் பார்த்தார். "போங்க," என்றார் அவர்.

ஷெட்டே கேட்டு வாசலில் கூடிவிட்டது. மொக்கையன் கையை விரித்து நின்றார். கண்ணுச்சாமி ஒரு கையை நுழைத்துவிட்டு மறு கைக்குச் சுற்றி வந்தார். மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நெஞ்சுக்கு நேரே வந்ததும் கை நின்றது. அங்கே நூல் மட்டும் தொங்கியது.

"பொத்தான் இல்ல," என்றார்.

"நீங்க இழுத்ததுலதான் தெறிச்சது. இங்கதான் எங்கயாச்சும் கிடக்கும்," என்றாள் நாகஜோதி. "தேடுங்க."

கண்ணுச்சாமி சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கிரீசும் டீசலும் ஊறிய மண்ணில் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் தடவத் தொடங்கினார். மொக்கையன் வேண்டாம் என்பது போல மகளைப் பார்த்தார். அவள் அப்பாவின் காலரைச் சரி செய்துவிட்டு அவரை ஆட்டோவுக்கு நடத்திப் போனாள்.

கிளமெண்ட் பின்னாலேயே ஓடினார். "ஏம்மா, அது எப்பத் தெறிச்சதோ. வண்டி போயி வந்து மண்ணுக்குள்ள போயிருக்கும். கிடைக்கவா போகுது?"

நாகஜோதி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு காக்கிப் பொத்தான் இருந்தது.

"அன்னைக்கே அப்பா பனியன்ல ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துருச்சு அண்ணே," என்றாள். "அவரு தேடட்டும்."

கிளமெண்ட் தாமரைச்செல்வியைப் பார்த்தார். அவளும் பொத்தானைப் பார்த்துவிட்டாள். கேட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கண்ணுச்சாமி இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ஆட்டோவ எடுக்கச் சொல்லுங்க அண்ணே," என்றாள். "ஐயா சாப்பிட்டு நாளாச்சு."